பூர்வகுடியினரும் நகரக் கடைத்தெருவும்



பிரிக்பீல்ட்ஸ் என்று சொன்னவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன யாவை? மல்லிகைச் சரம் தொடுக்கும் பூக்கடைகள், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள், சேலைக் கடைகள், கோயில் மணியோசை, இரயில் சத்தம். 2010ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்திருந்தபோது, இவ்வட்டாரம் 'லிட்டில் இந்தியா' என்று முறையாகத் திறந்து வைக்கப்பட்டது. அன்று முதல் அது நம்முடைய கடைத்தெரு என்னும் எண்ணம் நம்மிடையே மேலும் உறுதிப்பட்டுவிட்டது. அதில் தவறில்லை. ஆயினும் இந்த மண்ணில் நமக்கு முன்பே வாழ்ந்து, நமக்கு முன்பே வாணிகம் செய்த மக்கள் உண்டு. அவர்களை மலாய் மொழியில் 'ஓராங் அஸ்லி' என்பர். அஸ்லி என்றால் அசல். ஆதியில் இருந்தவர் என்பது பொருள். இந்தப் பூர்வகுடி மக்களின் தொழிலுக்கும் நகரக் கடைத்தெருவுக்கும் இடையே இருந்துவந்த உறவு எத்தகையது, அந்த உறவில் நமக்குள்ள பொறுப்பு என்ன என்பதே இன்றைய உரையின் பொருள்.

முதலில் என்னுடைய குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்திய வாரத்தில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் விற்பனைச் சந்தை நடந்தது. மூலையில் ஒரு மேசையின் பின்னால் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் தாழை ஓலையில் முடைந்த கூடைகளைப் பரப்பி வைத்திருந்தார். சிவப்பும் பச்சையும் கலந்த ஒரு சிறு கூடை என் மனைவிக்குப் பிடித்துவிட்டது. விலை 60 வெள்ளி என்றார் அப்பெண்மணி. 'ஓலைக்கு இவ்வளவா?' என்றேன். நடப்பது போலப் பாசாங்கு செய்தேன், திரும்பி வந்தேன். கடைசியில் 40 வெள்ளிக்கு வாங்கிவிட்டேன். வீடு வரும்வரை என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டே வந்தேன். நான் தோட்டப் பள்ளி ஆசிரியன். கணக்கும் கற்பிக்கிறேன், வரலாறும் கற்பிக்கிறேன். அன்று எனக்கு இரண்டுமே தெரியவில்லை என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

கோலாலம்பூரின் வரலாற்றை நாம் வழக்கமாக 1857ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறோம். அவ்வாண்டில் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின் வழியே வந்து அம்பாங்கில் ஈயம் தோண்டினர். ஒரு மாதத்துக்குள் 69 பேர் காய்ச்சலுக்குப் பலியாயினர். ஆயினும் ஈயம் கிடைத்தது, ஊர் வளர்ந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் அந்த அத்தாப்புக் குடிசை நகரத்தை அழித்தன. அதன் பின்னர் ஆங்கிலேய அதிகாரி சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லால் கட்டவேண்டும் என்று ஆணையிட்டார். அதற்காகச் செங்கற் சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. இரயில்வேயில் வேலை செய்ய யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் நம்மவர் வந்து அங்கே குடியேறினர். இவையெல்லாம் நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கும் செய்திகள்.

ஆனால் 1857க்கு முன் இப்பள்ளத்தாக்கு ஆளில்லாக் காடாக இருந்ததா? இல்லை. தெமுவான் என்னும் பூர்வகுடியினர் இங்கே வாழ்ந்துவந்தனர். நாம் ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துச் செல்லும் பத்துமலையை எண்ணிப் பாருங்கள். அமெரிக்க இயற்கை ஆய்வாளர் ஹார்னடே 1878இல் அக்குகைகளைப் பற்றி வெளியுலகுக்கு எடுத்துரைத்தார். தம்புசாமிப் பிள்ளை அங்கே முருகனுக்கு வழிபாட்டிடம் அமைத்தது 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில். இவ்விருவருக்கும் முன்பே தெமுவான் மக்கள் அக்குகை வாயில்களைத் தங்குமிடமாகப் பயன்படுத்தி வந்தனர். நாம் படியேறிச் செல்லும் இடத்தில் அவர்கள் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள்.

அம்மக்கள் காட்டிலேயே அடங்கிக் கிடந்தவர்கள், வாணிகம் அறியாதவர்கள் என்று பலர் நினைக்கின்றனர். வரலாறு அதற்கு மாறாகச் சொல்கிறது. பிரம்பு, அகில், குங்கிலியம், தேன் மெழுகு ஆகியவற்றை அவர்கள் காட்டிலிருந்து திரட்டி ஆற்றுமுகங்களுக்குக் கொண்டுவந்தனர். அங்கிருந்து அவை கப்பலேறின. மலாய்த் தீபகற்பத்தின் பழைய கடல் வாணிகத்துக்குச் சரக்குத் தந்தவர்களில் முதன்மையானோர் இம்மக்களே எனலாம்.

இவ்வாணிகத்தின் உச்சம் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. நம் தோட்டங்களில் இன்றும் ரப்பரைக் 'கித்தா' என்கிறோம் அல்லவா? அது 'கெத்தா' என்னும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. மரப்பால், பிசின் என்பது அதன் பொருள். நாம் வெட்டிய பால்மரத்தின் நாற்றுகள் இந்நாட்டுக்கு வந்தது 1877இல்தான். அதற்கு முன்பே காட்டில் 'தாபான்' என்றொரு மரம் இருந்தது. அதன் பால் உறைந்தால் கெட்டியாகும். வெந்நீரில் இட்டால் இளகும். மீண்டும் ஆறினால் வேண்டிய வடிவில் நிற்கும். கடல் நீரால் அது கெடுவதில்லை. மின்சாரத்தையும் கசியவிடுவதில்லை. 1840களில் இதன் பயன் ஐரோப்பியருக்குத் தெரிந்தது. கடலடியில் தந்திக் கம்பி போடுவதற்கு உறையாக அமைய இதைவிடச் சிறந்த பொருள் அன்று உலகில் இல்லை. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே போட்ட கம்பிக்கும், 1866இல் அட்லாண்டிக் கடலைக் கடந்து நிலைபெற்ற கம்பிக்கும் இதுவே உறை. 1870, 71ஆம் ஆண்டுகளில் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி வந்து சேர்ந்தது. ஊரிலிருந்து நம் முன்னோர்க்கு வந்த தந்திச் செய்திகள், தென்கிழக்காசியக் காட்டு மரத்தின் பாலுக்குள் புகுந்து வந்தன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அந்தப் பாலை எடுக்கும் வேலை எளிதன்று. பால்மரத்தைப் போல நாள்தோறும் சீவி எடுக்க முடியாது. மரத்தையே வீழ்த்தி, பட்டையில் வளையம் வளையமாகக் கீறிப் பாலை வடிப்பார்கள். ஒரு பெருமரத்தை வீழ்த்தினாலும் கிடைப்பது சிறிதளவே. எந்த மரம் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டில் பிறந்தவர்களே அறிவர். ஆகவே இலண்டன் நிறுவனங்களின் பெருவாணிகம் முழுவதும் காட்டுவாசிகளின் அறிவை நம்பியே நின்றது. இலாபம் மட்டும் அவர்களிடம் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை? இங்கே நாம் கூர்ந்து கவனிக்கவேண்டும். காட்டிலிருந்து வந்த சரக்கு பல கை மாறித்தான் துறைமுகத்தை அடைந்தது. ஆற்றங்கரைத் தலைவர், அவருக்குமேல் ஒரு வணிகர், அவருக்குமேல் நகரத்து மொத்த வியாபாரி என்று ஏணிப்படிபோல் இடைத்தரகர்கள் இருந்தனர். உப்பு, துணி, இரும்புக் கத்தி, புகையிலை ஆகியவற்றை முன்கூட்டியே கடனாகக் கொடுப்பார்கள். அதற்கு ஈடாகக் காட்டுச் சரக்கைக் கொண்டுவர வேண்டும். உப்பின் விலையைச் சொல்பவரும் அவரே. சரக்கின் விலையைச் சொல்பவரும் அவரே. கணக்கு அவரிடமே இருக்கும். கடன் மட்டும் தீராது. கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறிய நம் பாட்டன்மார்க்கு இந்தக் கணக்கு புதியதன்று. சிங்கப்பூர்ச் சந்தையில் என்ன விலை போகிறது என்பதைக் காட்டிலிருந்தவர் அறிய வழியில்லை. போதாக்குறைக்கு, அந்நூற்றாண்டில் இம்மக்களைப் பிடித்து அடிமைகளாக்கும் கொடுமையும் இருந்தது. ஆகவே பலர் நகரை விட்டு மேலும் உள்ளே விலகிச் சென்றனர். அவர்கள் கூச்சமுள்ளவர்கள் என்று பிற்காலத்தார் எழுதினார்கள். அச்சத்துக்குக் காரணம் இருந்தது என்பதைப் பலர் எழுதவில்லை.

பின்னர் தாபான் மரங்கள் அருகின. பால்மரத் தோட்டங்கள் பெருகின. காடு தோட்டமாயிற்று. கிள்ளானுக்குத் தெற்கே, லங்காட் ஆற்றின் முகத்தில் ஒரு தீவு உண்டு. கேரி என்னும் ஆங்கிலத் தோட்டக்காரரின் பெயரால் அது கேரித் தீவு எனப்பட்டது. பால்மரமும் பின்னர் செம்பனையும் அத்தீவை மூடின. நம் தமிழர்கள் பல தலைமுறைகளாக அங்கே உழைத்திருக்கின்றனர். அதே தீவில், செம்பனை வரிசைகள் முடிந்து சதுப்புநிலக் காடு தொடங்கும் ஓரங்களில், மா மெரி என்னும் பூர்வகுடியினரின் கம்பங்கள் உள்ளன. தீபகற்பத்தில் அரசு கணக்கிட்டுள்ள 18 பூர்வகுடிப் பிரிவுகளுள் மா மெரி ஒன்று. எல்லாப் பிரிவினரையும் சேர்த்தாலும் இன்று சுமார் இரண்டு லட்சம் பேரே. நாட்டு மக்கள் தொகையில் அவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

அவசரகாலம் நடந்த 1948 முதல் 1960 வரையிலான காலத்தில், பூர்வகுடியினர் பலர் காட்டிலிருந்து கட்டாயமாக முகாம்களுக்கு மாற்றப்பட்டனர். முகாம் வாழ்வு ஒவ்வாமல் பலர் மாண்டனர். அதன்பின் அரசு போக்கை மாற்றிக்கொண்டு, காட்டுக்குள்ளேயே கோட்டைகள் அமைத்து, அங்கே மருந்தகமும் பள்ளியும் கடையும் வைத்தது. 1954இல் அவர்களுக்கென ஒரு சட்டம் பிறந்தது. 1960களில், அடிமை என்னும் கருத்துடைய பழைய இழிபெயர் கைவிடப்பட்டு, 'ஓராங் அஸ்லி' என்பது அரசு வழக்கில் வந்தது. 'கூலி' என்று அழைக்கப்பட்ட நமக்கு, ஒரு பெயர் மாறுவதன் அருமை தெரியும்.

மா மெரி மக்களின் மரச்சிற்பம் நகரத்துக்கு அறிமுகமானதும் ஏறத்தாழ இக்காலத்தில்தான். 'மோயாங்' எனப்படும் மூதாதையர் ஆவிகளின் உருவங்களை அவர்கள் செதுக்குகின்றனர். ஆண்டுக்கொரு முறை ஹாரி மோயாங் என்னும் மூதாதையர் திருநாளில் முகமூடி அணிந்து ஆடுவர். நம் குலதெய்வ வழிபாட்டைக் கண்டவர்களுக்கு இஃது அந்நியமாகத் தோன்றாது. முகமூடிக்கு மென்மையான பூலாய் மரத்தையும், சிற்பத்துக்குச் சதுப்புநிலக் காட்டில் வளரும் செந்நிற நீரே பத்து மரத்தையும் பயன்படுத்துவர். அவர்களுடைய சிற்பங்களுள் புகழ்பெற்றது சங்கிலியில் கட்டுண்ட புலி. ஒரே மரக்கட்டையிலிருந்து புலியையும், ஒன்றோடொன்று கோத்த சங்கிலி வளையங்களையும் ஒட்டில்லாமல் குடைந்தெடுப்பார்கள். யுனெஸ்கோ நிறுவனத்தின் சிறப்பு முத்திரையும் அச்சிற்பத்துக்குக் கிடைத்தது. கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸுக்கு அருகிலுள்ள தேசிய அருங்காட்சியக வளாகத்தில், பூர்வகுடியினரின் கைவினைக்கென்றே தனி அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. அவர்களின் வேலைப்பாடு கண்ணாடிப் பேழைக்குள் இடம்பெற்றுவிட்டது. ஆனால் கண்ணாடிப் பேழையில் வைப்பது வேறு, கைக்கு உரிய கூலி கொடுப்பது வேறு.

சிற்பம் ஆண்களின் தொழில் என்றால், ஓலை முடைவது பெண்களின் தொழில். கேரித் தீவின் சுங்கை பும்புன் கம்பத்தில் மா மெரிப் பெண்கள் 'தொம்போக் தோப்போ' என்னும் பெயரில் ஒரு குழுவாகச் சேர்ந்து முடைகிறார்கள். ஒரு முறை மாணவர்களை அழைத்துக்கொண்டு அத்தீவுக்குச் சென்றபோதுதான் இவ்வேலையை நேரில் கண்டேன். தாழையின் ஓரங்களிலும் நடு நரம்பிலும் முள் உண்டு. முதலில் முள்ளை நீக்கவேண்டும். ஓலையை அனலில் வாட்டவேண்டும். ஒரே அகலமுள்ள கீற்றுகளாகக் கிழிக்கவேண்டும். இழுத்து இழுத்து மென்மையாக்கவேண்டும். நீரில் ஊறப்போட்டு, வெயிலில் வெளுக்கவைத்து, சாயம் ஏற்றி, மீண்டும் உலர்த்தவேண்டும். அதற்குப் பிறகுதான் முடைவது தொடங்கும். மழை பெய்தால் எல்லாம் நின்றுவிடும். பத்தமடைப் பாயின் அருமையைப் பேசும் நாம், அதே பொறுமை நம் பக்கத்துத் தீவில் இருப்பதை அறியாமல் இருந்தோம்.

'ஐயா, இந்தக் கூடை செய்ய எத்தனை நாளாகும்?' என்று ஒரு மாணவி கேட்டாள். கம்பத்துப் பெண்மணி ஒருவர் சிரித்துக்கொண்டே, 'வெயிலைப் பொறுத்தது' என்றார். அவர் காட்டிய கூடை, நான் விலை குறைத்து வாங்கிய கூடையின் அளவே இருந்தது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊறுவதையும் காய்வதையும் விட்டுவிட்டு, கைவேலை மட்டும் முழுதாக இரண்டு நாள் என்று வைத்துக்கொள்வோம். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாளுக்குச் சுமார் 65 வெள்ளி. இரண்டு நாளுக்கு 130 வெள்ளி. சாயத்துக்கும் தீவிலிருந்து நகருக்கு வரும் செலவுக்கும் இதில் கணக்கில்லை. அப்பெண்மணி கேட்டது 60 வெள்ளி. அதிலும் 20 வெள்ளியைக் குறைத்தேன் நான். தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நின்ற குடும்பத்தில் பிறந்தவன் நான். ஒரு நாள் கூலிக்காக என் தந்தை பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவன். அப்படிப்பட்ட நான், பேரம் என்ற பெயரில் இன்னொருவர் கூலியில் கைவைத்தேன்.

'சந்தை என்றால் பேரம் பேசுவது இயல்புதானே?' என்று நேயர்கள் கேட்கலாம். மொத்தமாக வாங்கி இலாபம் வைத்து விற்பவரிடம் பேரம் பேசினால் இலாபம் குறையும். செய்தவரிடமே பேரம் பேசினால் கூலி குறையும். இந்த வேற்றுமையை நாம் அறியவேண்டும். 2004ஆம் ஆண்டு வாக்கில் கோலாலம்பூரில் சில தன்னார்வலர்கள் 'கெராய் ஓஏ' என்றொரு நடமாடும் கடையைத் தொடங்கினர். கெராய் என்றால் சிறு கடை. ஓஏ என்பது ஓராங் அஸ்லி என்பதன் சுருக்கம். அவர்கள் செய்த ஏற்பாடு எளியது. ஆனால் 19ஆம் நூற்றாண்டு ஏணியைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டது. செய்தவர் சொல்லும் விலையே விலை. விற்ற பணம் முழுவதும் செய்தவர்க்கே. விற்பவர்க்குச் சம்பளமும் இல்லை, தரகும் இல்லை. பொருளோடு ஒரு சிறு சீட்டு இருக்கும். அதில் செய்தவரின் பெயரும் ஊரும் இனமும் எழுதப்பட்டிருக்கும். தாபான் பால் திரட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்கு இன்று தெரியாது. கூடை முடைந்தவரின் பெயர் தெரிகிறது. என்னைக் கேட்டால், அந்தச் சிறு சீட்டை வரலாற்று ஆவணம் என்பேன்.

வாங்குபவரின் தேர்வு ஒரு தொழிலை வாழவைக்கும் என்பதும், அழிக்கும் என்பதும் தமிழர்க்குப் புதிய பாடமல்ல. 1906இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தை நிறுவினார். எதிரே நின்ற ஆங்கிலக் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. முடிவில் பயணிகளை இலவசமாக ஏற்றிச்செல்லவும், மேற்கொண்டு குடை ஒன்று கொடுக்கவும்கூட முன்வந்தது என்பர். 1908இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911க்குள் அந்நிறுவனம் மூடப்பட்டது. மிக மலிவான விலைக்குப் பின்னால் யாரோ ஒருவரின் தொழில் அழிகிறதா என்று கேட்கவேண்டும் என்பதே அவ்வரலாறு நமக்குச் சொல்லும் செய்தி. இன்று நகரச் சந்தைகளில் வெளிநாட்டு இயந்திரத்தில் வார்த்த கூடைகள் 10 வெள்ளிக்குக் கிடைக்கின்றன. அக்கூடைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குடை நினைவுக்கு வருகிறது.

இன்னொரு பாடம் பிரிக்பீல்ட்ஸிலேயே இருக்கிறது. அதன் முதன்மைச் சாலைக்கு இன்று துன் சம்பந்தன் பெயர். விடுதலைக்குப் பின் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து தவித்தனர். அப்போது, 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவர். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. நிலம் கையில் இல்லாதவனுக்குத் தொழிலும் கையில் இல்லை என்பதை நாம் அன்று கற்றோம். பூர்வகுடியினர் நிலையும் அதுவே. தாழை வளரும் ஓடைக்கரை போனால் கூடை இல்லை. நீரே பத்து மரம் நிற்கும் சதுப்புநிலம் போனால் சிற்பம் இல்லை. அவர்களுக்குக் காடே பட்டறை.

அந்தப் பட்டறைக்கு உரிமை உண்டா என்ற கேள்வி நம் நீதிமன்றங்களில் எழுந்தது. 1995இல், விமான நிலையத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காக, டெங்கில் வட்டாரத்துப் புக்கிட் தம்போய் கம்பத்தில் தெமுவான் மக்களின் நிலம் எடுக்கப்பட்டது. பயிருக்கும் வீட்டுக்கும் மட்டும் இழப்பீடு கொடுத்தனர், நிலத்துக்குக் கொடுக்கவில்லை. சாகோங் தாசி என்பவரும் அவருடன் சிலரும் வழக்குத் தொடுத்தனர். நிலத்தின் மீது அவர்களுக்கு வழிவழி உரிமை உண்டு. அதற்கும் இழப்பீடு தரவேண்டும் என்று 2002இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2010இல் வழக்கு இணக்கமாக முடிந்தது. கோலாலம்பூர் சென்ட்ரலில் விரைவு இரயிலேறி விமான நிலையம் செல்லும் நம்மில் பலர், வழியில் இருப்பது யாருடைய மண் என்று எண்ணுவதில்லை.

சரி, பிரிக்பீல்ட்ஸுக்குப் பொருள் வாங்கச் செல்லும் நாம் என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றும் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, எங்கே வாங்கினாலும் செய்தவர் யார் என்று கேளுங்கள். ஊரும் பேரும் சொல்ல முடியாத கடையில், 'பூர்வகுடியினர் செய்தது' என்னும் விளம்பரத்தை அப்படியே நம்பவேண்டாம்.

இரண்டாவது, செய்தவர் சொல்லும் விலையைக் கொடுங்கள். முடியாவிட்டால் சிறிய பொருளாக வாங்குங்கள். விலையை அடிக்காதீர்கள்.

மூன்றாவது, இரக்கத்துக்காக ஒரு முறை வாங்குவதைவிடத் தேவைக்காகத் தொடர்ந்து வாங்குவது மேல். நம் திருமணங்களில் தாம்பூலப் பை கொடுக்கிறோம். இருநூறு முந்நூறு பிளாஸ்டிக் பைகளுக்கு மாறாக, நெருங்கிய உறவினர்க்கு மட்டுமாவது தாழை ஓலைப் பை கொடுக்கலாம். பள்ளிப் பரிசளிப்பு விழாவில் நெகிழிக் கோப்பைக்கு மாறாக ஓர் ஓலைப் பெட்டியைக் கொடுக்கலாம். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். அடுத்த வாரக் கல்யாணத்துக்கு இந்த வாரம் சொன்னால் நடவாது. பல மாதம் முன்னதாகச் சொல்லி, முன்பணமும் கொடுக்கவேண்டும். ஒரு காலத்தில் முன்பணம் அவர்களைக் கடனில் கட்டியது. இன்று நாம் கொடுக்கும் முன்பணம் அவர்கள் கடன்படாமல் வேலை செய்ய உதவட்டும்.

நான்காவது, அவர்களின் வழிபாட்டுக்குரிய பொருளை மதியுங்கள். நம் சாமி சிலையைப் பிறர் விளையாட்டுப் பொருளாக்கினால் மனம் வருந்துவோம். மூதாதையர் முகமூடியும் அவர்களுக்கு அத்தகையதே. விற்கலாம் என்று அவர்கள் கருதுவதை மட்டும் வாங்குவோம். அவர்களின் வடிவத்தைப் படமெடுத்து வேறிடத்தில் மலிவாகச் செய்யச் சொல்வது திருட்டுக்குச் சமம்.

'பிரிக்பீல்ட்ஸில் நம் கடைக்காரர்களே வாடகை கட்ட முடியாமல் திணறுகிறார்கள். இந்நிலையில் பிறருக்கு உதவச் சொல்கிறீர்களே?' என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நம் பூக்கடையில் வாங்குவதை நிறுத்திவிட்டுக் கூடை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. பெருங்கடைகளுக்குப் போகும் பணத்தில் ஒரு சிறு பகுதியைத்தான் கேட்கிறேன். நம் கடைத்தெருவில், ஒரு பூக்கடையின் பக்கத்தில், ஓர் ஓலைக் கூடைக் கடையும் இருந்தால் கடைத்தெரு குறைந்துவிடாது. அதைத் தேடி வருபவர் பூவும் வாங்குவார். இது பிச்சையும் அன்று, தருமமும் அன்று. நல்ல பொருளுக்கு நல்ல விலை, அவ்வளவே.

பூர்வகுடியினரை அருங்காட்சியகப் பொருளாகவும் எண்ணவேண்டாம். அவர்களில் ஆசிரியர் உண்டு, வழக்கறிஞர் உண்டு, நம்மோடு செம்பனைத் தோட்டத்தில் உழைப்பவரும் உண்டு. கூடை முடைவதா, வேறு தொழில் செய்வதா என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். அத்தொழிலைத் தேர்ந்தவர் அதைக்கொண்டு மானத்தோடு வாழ முடியவேண்டும் என்பதே நம் கவலையாக இருக்கவேண்டும்.

அடுத்த ஆண்டு அதே சந்தைக்குச் சென்றேன். அப்பெண்மணியைக் காணவில்லை. அவர் பெயரைக் கேட்டு வைக்காதது என் பிழை. வேறொருவர் அமர்ந்திருந்தார். அவர் சொன்ன விலைக்கு ஒரு கூடை வாங்கினேன். சீட்டில் இருந்த பெயரை உரக்கப் படித்தேன். 'என் சின்னம்மா' என்றார் அவர். பழைய கூடைக்குரிய அந்த 20 வெள்ளி இன்னும் என் கணக்கில் கடனாகவே இருக்கிறது. இரண்டு கூடைகளும் இப்போது என் வகுப்பறை மேசையில் இருக்கின்றன. ஒன்றில் சுண்ணக்கட்டி, மற்றொன்றில் மாணவர்களின் பென்சில். ஆண்டுத் தொடக்கத்தில் வரலாற்றுப் பாடம் எடுக்கும்போது, 1857க்குப் போகுமுன் அந்தக் கூடையைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறேன்.